மண்டி மொஹல்லாவுக்கு சோபாவில் வந்த நட்சத்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடங்கவே இல்லை. பிற்காலத்தில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் பெண்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரே வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரபலமான ஒரு நடிகை பேட்டி கொடுக்கிறார். "எனக்குச் சின்ன வயசிலிருந்தே சுகர். இத்தனை வருஷம் மறைச்சிட்டேன். ஒரு தடவை மைசூர்ல பிணமா நடிச்சிக்கிட்டிருந்தப்போ நிஜமாவே பிணமாயிருப்பேன். அங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ஒரு மேட்ரன் அம்மா இருந்தாங்க..." என்று சொல்லிவிட்டு, பேச முடியாமல் சிரிக்கிறார்.

வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கேள்விகள். "ரோஸ்லின் சிஸ்டர், இது நம்ம ஆஸ்பத்திரியா?" "சிஸ்டர், நீங்க அன்னிக்கு டியூட்டியா?" "சிஸ்டர், பேக ஹேளி!" சீக்கிரம் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் அதட்டியவள், எனக்குப் பிறகு வந்த சின்னப் பெண்.

நான்தான் டியூட்டி. நோயாளியின் ரகசியம் என்பதால் இத்தனை வருடம் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவரே ஊர் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். இனி எனக்கென்ன? வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு போனில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பிரியாணி அன்றைக்கு இல்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

நான் நர்ஸ் ஆன கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா ரயில்வேயில் பிட்டர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னியாஸ்திரீகளின் இங்கிலீஷ். பயிற்சிக் காலத்தில் படுக்கை விரிப்பதையே மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஊசியை ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டேன், இரண்டாவதை அழுதுகொண்டே ஒரு போலீஸ்காரருக்குப் போட்டேன். அவரும் அழுதார். பிறகு மண்டி மொஹல்லாவுக்குள், மசாலா மண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான்.

அங்கே மேட்ரன் எஸ்தர் அம்மா. குள்ளமான உருவம். வெள்ளைப் புடவையில் கஞ்சி அப்படி நிற்கும், அவர் உட்கார்ந்து எழுந்தாலும் புடவை உட்காராது. கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். சாதாரணமாகப் பேசினால் நிம்மதி. மெதுவாகப் பேசினால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். காதருகே வந்து கிசுகிசுத்தால் வேலை போயிற்று.

ஷிப்ட் ஆரம்பத்தில் எங்களை வரிசையாக நிற்க வைப்பார். "கை." நாங்கள் இரண்டு கையையும் நீட்டுவோம். நகத்தில் துளி சாயம் இருந்தாலும் திரும்பிப் போக வேண்டும். எதற்கும் ஒரு வரிசை வைத்திருப்பார். சுகர் டெஸ்ட் என்றால் கழுவு, துடை, காயட்டும், குத்து, முதல் சொட்டைத் துடை, இரண்டாவது சொட்டை எடு. புதிதாக வந்த பெண்கள் இதை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். எங்கள் பெரிய டாக்டர் திருநாராயணனே மேட்ரனிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். மேலுகோட்டைப் பக்கத்து ஐயங்கார், பரம சாது. "பாத்துக்கோங்கோ மேட்ரன், இன்னிக்கு ரொம்ப சுத்தம்" என்று நீட்டுவார்.

மேட்ரன் ஆளைப் பார்த்தே கதையைக் கண்டுபிடிப்பவர். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளைப் பையன் கல்யாணத்துக்கு முதல் நாள் வயிற்று வலி என்று வந்து சுருண்டு படுத்துக்கொண்டான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மேட்ரன் அவனருகே உட்கார்ந்து, பெரிய டியூபையும் வாளியையும் கொண்டுவரச் சொன்னார். "இனிமா கொடுத்தா சரியாயிடும்பா. இல்லேன்னா, உனக்கு நிஜமா எங்க வலிக்குதுன்னு சொல்லிடு." பையன் எழுந்து உட்கார்ந்து வேறொரு பெண்ணின் பேரைச் சொன்னான். அப்புறம் மேட்ரனே இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பையனுக்கும் அவன் சொன்ன பெண்ணுக்கும் பிறந்த குழந்தை எங்கள் வார்டில்தான் பிறந்தது.

இப்படிப்பட்டவர் துப்பறியும் நாவல் படிப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்பா ஒரு பழைய தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். தலைப்பை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிப் போவீர்கள், பிறகு நான் ஏதாவது உளறி உங்கள் சுவாரஸ்யத்தைக் கெடுத்துவிடுவேன். கதை இதுதான். பெரிய நட்சத்திரம் ஒருத்தி, ராஜா ராணிப் படத்தில் மகாராணியாக நடிக்கிறாள். மத்தியானம் செட்டில் இருக்கிற சோபாவில் படுத்துத் தூங்குகிறாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள். சாயங்காலம்தான் தெரிகிறது, நெஞ்சில் கத்தி. நகை என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. யார் கொன்றது? புருஷனா, டைரக்டரா, போட்டி நடிகையா, டிரைவரா? கண்டுபிடிக்க வருகிறவர் போலீஸ் இல்லை, ஒரு பல் டாக்டர். ஒவ்வொரு சந்தேக ஆளையும் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார். பதில் சொல்ல முடியாமல் அவர்கள் முழிக்கிற முழியைப் பார்த்தே பொய்யா நிஜமா என்று கண்டுபிடிப்பார். நான் அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

ஒரு நாள் மத்தியான டியூட்டியில், நோயாளிகள் தூங்கும் நேரத்தில், மேஜைக்கடியில் வைத்துப் படிக்கும்போது மேட்ரன் பிடித்துவிட்டார். "டியூட்டில கதைப் புஸ்தகமா?" மெதுவாகக் கேட்டார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். டிராயர் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே என் புத்தகம், நடுவில் தெர்மாமீட்டர் உறை அடையாளமாகச் செருகியிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார்.

"ரோஸ்லின்."

"மேடம்."

"டிரைவர் மேல எனக்கு சந்தேகமா இருக்கு. நீ ஒண்ணும் சொல்லாதே."

இரண்டு நாளில் பாதி தாண்டினார். "புருஷன்தான்" என்றார். அப்புறம் "இல்ல, இல்ல" என்றார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை ஞாயிற்றுக்கிழமை, நல்ல காபி போட்டு வைத்துக்கொண்டு படிப்பேன் என்று பத்திரமாகப் பூட்டி வைத்தார். அந்த வாரமே மைசூரில் அந்த நாவலைப் படமாக எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பழைய பங்களாவில் ஷூட்டிங். ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. மேட்ரன் காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. ரவுண்ட்ஸ் முடிந்து நான் வாசலருகே இருந்த அவசரப் பிரிவில் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு சத்தம். நாற்பது கடையின் ஷட்டரும் ஒரே நேரத்தில் இறங்குகிற மாதிரி. வாட்ச்மேன் மாதேவன் உள்ளே ஓடி வந்தார். கௌதள்ளி என்ற ஊர்க்காரர், எதற்கும் பதறாத மனிதர்.

"சிஸ்டர், ஒரு மகாராணிய சோபாவோட தூக்கியாறாங்க! நெஞ்சுல கத்தி நிக்குதுங்க!"

வெளியே போய்ப் பார்த்தேன். ஷூட்டிங் வேன் சந்துக்குள் வர முடியாமல் மிளகாய் மூட்டை இறக்குகிற டெம்போவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. லைட் தூக்குகிற ஆட்கள் அவளைச் சோபாவோடு தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். சிவப்பு வெல்வெட், தங்கக் கால்கள், மேலே கிரீடத்தோடு மகாராணி. நீலம் பாய்ந்த உதடு, சுண்ணாம்பு மாதிரி முகம், நெஞ்சில் கத்தி, புடவை முழுக்க ரத்தம். முன்னால் ஒருவன் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அலறிக்கொண்டு ஓடுகிறான். அவன் உதவி டைரக்டர் என்று பிறகு தெரிந்தது. பின்னால் மண்டி மொஹல்லாவே வருகிறது. ஸ்கூட்டரை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், தராசோடு வந்தவர், பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒருவர். யாரோ கன்னடத்தில் "கொலை ஆகிபிட்டிதெ!" என்று கத்தியதும் ஒரு கான்ஸ்டபிளும் சேர்ந்துகொண்டார்.

எங்கள் கையில் வந்ததும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி நடந்துகொண்டோம். குத்தியிருக்கிற பொருளைப் பிடுங்கக் கூடாது, அசையாமல் பிடிக்க வேண்டும். நான் கத்தியின் இரண்டு பக்கமும் துணியை அடுக்கி மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஓடி வந்தார், பார்த்தார், கத்தியை மெதுவாகத் தொட்டார். கத்தி வளைந்தது. விட்டார், திரும்ப நிமிர்ந்தது.

"ரப்பர்" என்றார்.

"ரப்பர்தான் சார்!" என்று உதவி டைரக்டர் அழுதான். "பிணமா நடிக்கறாங்க சார்! காலையிலேர்ந்து அதே ஷாட். கடைசி டேக் பிரமாதம், துளி அசையல, எல்லாரும் கை தட்டினோம். கட் சொன்னப்புறமும் எழுந்திரிக்கல!"

சிரிப்பு வந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. கத்தி பொய். ரத்தம் பொய். ஆனால் கன்னத்தில் தட்டினால் கண் திறக்கவில்லை, மார்பெலும்பில் அழுத்தினால் லேசாக ஒரு முனகல். அவ்வளவுதான். இந்தப் பெண் நிஜமாகவே எங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வேலையில் முதல் பாடம் நோயாளியைப் பார்ப்பது. உதட்டின் நிறம், நகத்தின் நிறம், தோலின் நிறம். இவளிடம் எல்லாமே பெயிண்ட். உதட்டில் தீட்டின நீலம், முகத்தில் பூசின சாவு. விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டினேன். கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ், மெஷின் ஒன்றும் காட்டவில்லை.

அதற்குள் வந்து சேர்ந்த மேட்ரன் வார்டுப் பக்கம் திரும்பினார். "யார்கிட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கு?"

ஒருத்தியும் அசையவில்லை. இருக்கிறது என்றால் பாலிஷ் போடுகிறாள் என்று அர்த்தமல்லவா!

"இன்னிக்கு ஒரு நாள் மன்னிப்பு. பேகா, சீக்கிரம்!"

திடீரென்று எல்லாக் கைப்பைகளிலிருந்தும் சின்னச் சின்ன பாட்டில்கள் வந்தன. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற வயதான அம்மாவும் ஒன்று நீட்டினார். மேட்ரன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டார். துடைத்தோம். ஆக்ஸிஜன் சரியாகவே இருந்தது. பிரஷர் பரவாயில்லை, நாடி குதிரை மாதிரி ஓடியது.

அதற்குள் படக் குழுவின் முதலுதவிக்காரர் மூச்சிரைக்க வந்தார். "டாக்டர், நான் அங்கயே சுகர் பார்த்துட்டேன். மெஷின்ல 'ஹை'ன்னு வந்துது. நம்பரே காட்டல, அவ்வளவு ஜாஸ்தி."

டாக்டர் முகம் தெளிந்தது. காரணம் கிடைத்துவிட்டது. சுகர் தாறுமாறாக ஏறி மயக்கம். "சலைன் போடுங்கோ. இன்சுலின் ரெடி பண்ணுங்கோ."

நான் இன்சுலினை சிரிஞ்சில் ஏற்றினேன். மேட்ரன் நடுவில் கையை நீட்டினார். "டாக்டர், நம்ம வார்டுல நம்ம டெஸ்ட் ஒண்ணு."

"கட்டாயமா" என்றார் டாக்டர். ஆனால் அவர் ஏற்கெனவே குனிந்து அந்தப் பெண்ணின் வாயருகே மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது. "சுகர் அவ்வளவு ஏறினா மூச்சு வேற மாதிரி இருக்கணும். வாடை வேற மாதிரி இருக்கணும். தோல் வறண்டு கிடக்கணும். மெஷின் ஒண்ணு சொல்றது, இவ ஒண்ணு சொல்றா."

கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். மேக்கப் போடுகிற வசந்தா, கையில் இன்னும் பவுடர் பஞ்சு. "வறண்டா? எங்க சார் வறண்டாங்க! காலையிலேர்ந்து வேர்த்துக் கொட்டிக்கிட்டே இருந்தாங்க. பிணத்துக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஒத்தி ஒத்தி பவுடர் போட்டே என் கை ஓய்ஞ்சு போச்சு."

டாக்டர் அப்படியே நின்றார்.

அந்த நேரத்தில்தான் நான் சோபாவைப் பார்த்தேன். வெல்வெட்டில் ஒரு கறுப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து வந்து, தங்கக் கால் வழியாக ஏறி, தொங்கின முந்தானையின் ரத்தத்தில் போய் முடிந்தது. "டாக்டர், எறும்பு" என்றேன்.

திருநாராயணன் டாக்டர் ஆசாரமானவர். வெளியே காபிகூடக் குடிக்க மாட்டார். அவர் அந்தப் பெண்ணின் விரலில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் தன் விரலால் தொட்டார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடிச் சப்புக் கொட்டினார்.

கதவுக் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் "அய்யய்யோ!" என்று பின்னால் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்த கூட்டத்துக்குச் செய்தி போய்விட்டது. டாக்டர் ரத்தம் குடிக்கிறார்!

"சர்க்கரைப் பாகு!" டாக்டர் கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அது ஒரு தடவைதான். "மேட்ரன், இது சர்க்கரைப் பாகு! பாகு மேலயே குத்திப் பாத்திருக்கா! மெஷின் பாத்தது பாகோட சுகர், இவளோடது இல்லே!"

மேட்ரன் ஏற்கெனவே வெந்நீர்ப் பேசினோடு வந்துவிட்டார். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார். நகத்துக்குள், மோதிரத்துக்கடியில், விரலிடுக்கில். கழுவு. துடை. காயட்டும். காய்கிற அந்தச் சில நொடி என் வாழ்க்கையிலேயே நீளமானது. குத்தினேன். முதல் சொட்டைத் துடைத்தேன். இரண்டாவது சொட்டு.

மெஷின் யோசித்தது. "லோ" என்றது. நம்பரே காட்ட முடியாத அளவுக்குக் குறைவு.

நான் திரும்பி, தட்டில் தயாராக இருந்த இன்சுலின் சிரிஞ்சைப் பார்த்தேன். அதைப் போட்டிருந்தால், இருக்கிற கொஞ்ச நஞ்சச் சுகரும் இறங்கி அவள் அந்தச் சோபாவிலேயே போயிருப்பாள். டாக்டரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்து உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"குளுக்கோஸ்" என்றார். நான் ஊசியை நரம்பில் வைத்து, பாகு மாதிரி கெட்டியான அந்த மருந்தை மெதுவாக அழுத்த ஆரம்பித்தேன்.

மேட்ரன் வசந்தாவிடம் போனார். குரல் கீழே, மிகக் கீழே. "அம்மா, இவங்களுக்கு சுகர் உண்டா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என் பிள்ளை மேல சத்தியம் வாங்கியிருக்காங்க, நான் எதுவும்..." என்று சொல்லிவிட்டு வசந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சத்தியத்தை மீற வேணாம். நீ வாயே திறக்காதே. நான் கேக்கறேன், தலையை மட்டும் ஆட்டு. காலையில டிபன் சாப்பிட்டாங்களா?"

இல்லை என்று தலை ஆடியது.

"வயிறு அசையும்னு சாப்பிடலையா?"

ஆமாம்.

"டிபனுக்கு முன்னால போட்டுக்கற ஊசியை மட்டும் போட்டுக்கிட்டாங்களா?"

வசந்தா தலையை ஆட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"போதும்மா" என்று மேட்ரன் அவள் தோளைத் தட்டினார்.

சிரிஞ்சு பாதிகூடக் காலியாகவில்லை. அந்தப் பெண்ணின் இமை துடித்தது. நீல உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தோம்.

"கட் சொல்லிட்டாங்களா? நான் மூச்சு விடலாமா?"

"விடு கண்ணு, நல்லா விடு!" என்றார் மேட்ரன். அந்தக் கண்டிப்பான மனுஷி வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுகர் இறங்கி ஏறுகிறவர்கள் முழிக்கும்போது கொஞ்ச நேரம் உளறுவார்கள். எங்கே இருக்கிறோம், யாராக இருக்கிறோம் என்று தெரியாது. மகாராணி கிரீடம் சரிய எழுந்து உட்கார்ந்து, மேட்ரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் கொன்னது யாருன்னு தெரியுமா?" என்றாள்.

மேட்ரனுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "வேணாம்! சொல்லாதே! நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை!" என்று காதைப் பொத்தப் போனார். ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. மற்ற கையை நோயாளி பிடித்திருந்தாள். நோயாளி பிடித்த கையை உதறுவது எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது.

மகாராணி கொலைகாரன் பேரைத் தெளிவாக, கணீரென்று சொன்னாள். வசன உச்சரிப்பு அப்படி.

கதவைத் தள்ளிக்கொண்டு கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். கையில் பேனா. "யாரு, யாரு? இன்னொந்து சல ஹேளி!" இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்! "சார், அது கதையில சார்" என்று நான் சொல்கிறேன். "கதையோ நிஜமோ, பேரு ஹேளி" என்கிறார் அவர். டாக்டர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரிக்கிறார். மேட்ரன் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்து, "அந்த ஆளா? அந்த ஆளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அவன் மேல எனக்குத் துளி சந்தேகம் வரலையே!"

தெளிந்த பிறகு மகாராணி மறுபடி சின்னப் பெண் ஆனாள். ஒரு தட்டு உப்புமாவும் பாலும் சாப்பிட்டுவிட்டு, மேட்ரனிடம் கெஞ்சினாள். "மேடம், சுகர்னு வெளிய தெரிஞ்சா எனக்குப் படமே கிடைக்காது. சீக்காளின்னு சொல்லிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"உன் உடம்பு, உன் சேதி. நாங்க சொல்ல மாட்டோம். ஆனா உன்கூட வேலை செய்யறவங்கள்ல ஒருத்தரையாவது ஆபத்துல வாயைத் திறந்து சொல்ல விடணும். இல்லேன்னா அடுத்த தடவை சோபா வேற எங்கயோ போகும்" என்றார் மேட்ரன். அவள் அழுதாள். பிறகு வசந்தாவைக் கூப்பிட்டு, இனி மயங்கினால் சொல்லிவிடு என்று சத்தியத்திலிருந்து விடுவித்தாள்.

வாசலில் பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், மசாலா மண்டி முதலாளிகள். டாக்டருக்குப் பொய் சொல்ல வராது, நிஜம் சொல்லவும் கூடாது. அதனால் மேட்ரன் படியில் போய் நின்றார். "கொலை நடக்கலை. நோயாளி நல்லா இருக்காங்க. காலையில டிபன் சாப்பிடாம வேலைக்குப் போனதால வந்த மயக்கம். நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்களா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போய்ச் சாப்பிடுங்க" என்றார். கூட்டம் கலைந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒரு பெண் எங்கள் கையில் சாக இருந்து சாகாமல் போனால், அன்றைக்கு முழுவதும் கால் தரையில் நிற்காது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் திரிந்தோம். டாக்டர் வார்டில் இருந்த எல்லா நோயாளிகளுக்கும் தன் கையால் காபி எடுத்துக்கொண்டு போனார். படுத்தபடுக்கையாக இருந்த ஒரு தாத்தா, "சிஸ்டர், அந்த மகாராணி திரும்ப எப்ப வருவாங்க?" என்று கேட்டு எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் அவள் கிளம்பும்போது எங்கள் எல்லோர் நகத்துக்கும் தானே பாலிஷ் போட்டுவிட்டுப் போனாள். மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

படம் அடுத்த வருடம் மைசூருக்கு வந்தது. வெளியாவதற்கு முன் வசந்தா எனக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், அந்தக் கடைசி ஷாட்டையே வெச்சிட்டாங்க. மேடமே கேட்டாங்க. இன்னொரு தடவை என்னால சாக முடியாதுன்னுட்டாங்க."

ஆஸ்பத்திரியில் அன்றைய டியூட்டிக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் மேட்னி ஷோவுக்குப் போனோம். டாக்டரும் அவர் மனைவியும், மாதேவன், ரிமூவர் கொடுத்த அக்கவுண்ட்ஸ் அம்மா, நடுவில் கஞ்சிப் புடவையோடு மேட்ரன். தியேட்டர் நிறைந்திருந்தது. மேட்ரன் மடியில் கையைக் கட்டி, ஞாயிறு ஆராதனை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காட்சி வந்தது. சிவப்பு வெல்வெட் சோபா. மகாராணி கிடக்கிறாள். ஆட்கள் அவளைத் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள். தியேட்டரில் ஒரு சத்தமில்லை. காமிரா மெதுவாக முகத்துக்கு நெருங்கியது. பெரிய திரையில், பவுடருக்கு மேலே, நெற்றியோரத்தில் முத்து முத்தாக வேர்வை. பார்க்கிற யாருக்கும் அது விளக்கு வெளிச்சம். எங்கள் வரிசைக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஏதோ அசைந்தது.

மேட்ரன் எழுந்து நின்றுவிட்டார். இருட்டில், ஜனங்களுக்கு நடுவில், திரையைப் பார்த்துக் கையை நீட்டி முழுக் குரலில் கத்தினார்.

"வேர்க்குது பார்! தாண்டித் தாண்டிப் போறீங்களே, யாராவது அவ கையைத் தொட்டுப் பாருங்களேன்!"

தியேட்டரே திரும்பியது. பின் வரிசையிலிருந்து ஒரு இளைஞன் கன்னடத்தில், மரியாதையாகத்தான், சொன்னான். "அம்மா, அவளு சத்தோகித்தாளே. கூத்கொள்ளி." அவள் செத்துப் போயிட்டாள், நீங்க உட்காருங்கம்மா.

மேட்ரன் அவன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கவே இல்லை.

"சத்தில்லப்பா!" என்றார். "நானே நோடித்தீனி! உப்புமா திந்து, ஹாலு குடிது, நடகொண்டு மனேகெ ஹோதளு!"

சாகவில்லை, நானே பார்த்தேன், உப்புமா தின்று பால் குடித்து நடந்து வீட்டுக்குப் போனாள். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. திரையில் பல் டாக்டர் வந்து என்னென்னமோ கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வசனமும் காதில் விழவில்லை. மேட்ரன் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, படம் முடிகிறவரை விடவில்லை.